அடிமனை நீங்கலாக

வீடு என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் தரும். மக்கள் குடும்பத்தோடு உறையும் மனையும் வீடு. பற்றற்றார் எய்தும் பேறும் வீடு. இரண்டும் விடுதல் என்னும் ஒரே வினையடியாகப் பிறந்தன என்று எம் ஆசிரியர் ஒருநாள் வகுப்பில் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்த நண்பர் ஒருவர், "ஐயா, வாங்குகிறவர் கைப்பொருள் முழுவதையும் விட்டுவிடுகின்றமையால் அப்பெயர் வந்தது போலும்" என்றார். வகுப்பு முழுதும் நகைத்தது, ஆசிரியரும் நகைத்தார். எமக்கு மட்டும் நகை வரவில்லை. எம் சிற்றப்பனார் வீடு வாங்கிய வரலாறு அப்பொழுது எம் நினைவில் எழுந்தது.

அவ்வரலாற்றையும், அதன் காரணத்தைத் தேடப் புகுந்து யாம் அறிந்துகொண்ட சில செய்திகளையும் இங்கு எழுத விரும்புகின்றோம். இலக்கணமும் இலக்கியமும் பயில்வார்க்குப் பத்திரமும் பட்டாவும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இப்பொழுதுதான் முதல் வீடு வாங்கும் பருவத்தினர். ஆசிரியருட் சிலர் ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர். எம்மைப் போன்றாரும் இன்னும் பத்தாண்டில் அக்கவலைக்கு ஆளாவோம். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரே முறை செய்யும் மிகப் பெரிய வாணிகம் வீடு வாங்குதல். ஒரே முறை செய்வதாகலின் அதிற் பழக்கம் பெறுவதற்கு வழியில்லை. பிறர் செய்த பிழையைக் கண்டு தெளிதலே எஞ்சியுள்ள வழி.

எமக்கு ஊர் திருப்பனந்தாள். தஞ்சை மாவட்டத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நெல்வயல் நாட்டில் உள்ளது. செஞ்சடையப்பர் திருக்கோயிலாலும், குமரகுருபர அடிகளின் மரபில் 1720-ஆம் ஆண்டிற் காசியினின்று வந்து இவ்வூரில் நிலைகொண்ட காசித் திருமடத்தாலும் இவ்வூரின் பெயர் தமிழ்நாடு முழுதும் அறியப்பட்டது. எங்கள் ஊர்ப்புறத்தில் எத்திசையில் நடந்தாலும் இரண்டு மூன்று கல்லுக்குள் ஒரு கோயிற் கோபுரம் தென்படும். இதனை யாம் ஊர்ப் பெருமைக்காக மட்டும் கூறவில்லை. வீடு வாங்குவோர் முதலில் அறிய வேண்டிய செய்தி இதற்குள்ளேதான் அடங்கியிருக்கின்றது.

சோழ மன்னர் காலந்தொட்டு இந்நாட்டின் நன்செய்யிலும் குடியிருப்பிலும் பெரும்பகுதி தேவதானமாகவும் மடப்புறமாகவும் கொடுக்கப்பட்டு வந்தது. பின்வந்த அரசரும், நிலமுடைய செல்வரும் அவ்வாறே கொடுத்தனர். தமிழ்நாட்டிற் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரியவாக அறநிலையத்துறையின் கணக்கில் உள்ள நிலம் ஏறத்தாழ 4.78 இலட்சம் ஏக்கர். அவற்றுள் வயலும் தோப்பும் அன்றித் தெருக்களும் உள்ளன. தெருக்களில் வீடுகளும் உள்ளன. முற்காலத்தில் ஒருவர் கோயிலையோ மடத்தையோ அணுகி, ஆண்டுக்குச் சிறு தொகை தருவதாக இசைந்து, வெறுந்தரையைப் பெற்று, தம் செலவில் அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார். சுவரும் கூரையும் அவருடையன, தரை கோயிலினுடையது. அத்தரைக்கு அடிமனை என்று பெயர். அதன்மேல் எழுந்தது மேற்கட்டடம். தரை ஒருவர்க்கும் அதன்மேல் நிற்கும் கட்டடம் மற்றொருவர்க்கும் உரிமையாய் இருத்தலை நம் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கின்றது. ஆகவே கட்டியவர் தம் மேற்கட்டடத்தைப் பிள்ளைகளுக்கு வைத்துச் செல்வார். பிள்ளைகள் பிறர்க்கு விற்பர். இரண்டு மூன்று கைமாறியபின், தரை யாருடையது என்ற நினைவே தெருவில் மங்கிவிடும். கோயிற் கணக்கில் மட்டும் அது மங்குவதில்லை.

எம் சிற்றப்பனார் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராய் இருந்து 2014-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். முப்பது ஆண்டுக்கு மேலாக வாடகை வீட்டில் வாழ்ந்தவர். ஓய்வுத்தொகை கைக்கு வந்தவுடன், எங்கள் ஊரை அடுத்த ஓரூரில் விலைக்கு வந்த வீடொன்றைத் தரகர் ஒருவர் காட்டினார். ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. அகன்ற திண்ணை, நடுவே முற்றம், நாட்டோடு வேய்ந்த கூரை, பின்கட்டிற் கிணறு, கொல்லையில் இரண்டு தென்னை. சிற்றன்னையார்க்கு அக்கிணறு மிகவும் பிடித்துவிட்டது. விற்பவர் கேட்ட விலை 9 இலட்சம் ரூபாய்.

சிற்றப்பனார் ஆராயாமல் வாங்கினார் என்று யாரும் கருதவேண்டா. வீட்டுவரி இரசீது விற்பவர் பெயரில் இருந்தது. மின் இணைப்பும் அவர் பெயரிலேயே இருந்தது. முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தார். அடமானம் ஒன்றும் இல்லை. "நாலு தலைமுறையா இருக்கோம், வாத்தியாரையா. ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லை" என்று விற்பவரும் கூறினார். இம்மூன்று தாள்களும் அவ்வொரு வாய்மொழியும் சிற்றப்பனார்க்குப் போதுமானவையாகத் தோன்றின.

போதா என்பதனை இப்பொழுது விளக்குவோம். வீட்டுவரி என்பது ஊராட்சியோ பேரூராட்சியோ கட்டடத்தின்மேல் விதிக்கும் வரி. கட்டடத்தை யார் வைத்திருக்கின்றாரோ அவரிடம் அது வாங்கப்படும். தரை யாருடையது என்பது அதற்குப் பொருட்டன்று. மின் இணைப்பும் அத்தகையதே. இவ்விரண்டும் உரிமைச் சான்றாகா என்பதனை நம்மவர் எளிதில் நம்பமாட்டார். ஆயினும் உண்மை அதுவே. வில்லங்கச் சான்றோ, பதிவு அலுவலகத்திற் பதியப்பெற்ற ஆவணங்களை மட்டும் காட்டும். பாட்டனார் காலத்தில் வாய்மொழியாகவோ கோயிற் பேரேட்டில் ஒரு வரியாகவோ முடிந்த அடிமனை ஏற்பாடு அங்கு ஒருநாளும் பதியப்பெறவில்லையாயின், அதில் எவ்வாறு தோன்றும்? பதியாத ஒன்றைப் பதிவேட்டில் தேடி, இல்லையெனக் கண்டு மகிழ்ந்தார் சிற்றப்பனார்.

அவர் பாராது விட்டவை பட்டாவும் அ-பதிவேடும். ஒரு புல எண்ணுக்கு உரியவர் இன்னார் என்று வருவாய்த்துறையின் கணக்கில் எழுதியிருப்பது அங்கேதான். இந்நாளில் அவற்றைக் காண வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நடக்க வேண்டுவதுகூட இல்லை. தமிழ்நாட்டரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், ஊர், புல எண் ஆகியவற்றை இட்டால் விவரம் வந்து நிற்கும். அவ்விடத்தில் விற்பவர் பெயர் இன்றி ஒரு கோயிலின் பெயரோ மடத்தின் பெயரோ காணப்படின், விலை பேசுவதை நிறுத்திவிட்டுக் கோயில் அலுவலகத்திற்குச் செல்லுதல் வேண்டும். பட்டா ஒன்றே முடிந்த முடிபு அன்று. அதனோடு மூலப்பத்திரத்தையும் ஒப்புநோக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்படி இனாம் நிலங்கள் பலவற்றிற்குப் புதிதாகப் பட்டா வழங்கப்பட்டமையின், அந்நாளில் பட்டா யார் பெயரில் ஆயிற்று என்பது எங்கள் பகுதியில் மிக முதன்மையான வினா. பழைய ஊர்களில் வீடுகள் பலவும் நத்தம் என்னும் குடியிருப்பு நிலத்தில் நிற்பன. அவ்வாறாயின் கவலை குறைவு. பண்ணைநிலத்தில் குடியிருந்த உழவுத்தொழிலாளர்க்கு 1971-ஆம் ஆண்டின் சட்டத்தால் உரிமையாகிய மனைகளும் இந்நாட்டில் உள்ளன. இவையெல்லாம் கண்ணுக்கு ஒரே தெருவாய்த் தோன்றும். ஓட்டையும் தூணையும் பார்த்து இது இன்னவகை நிலம் என்று சொல்லுதல் எவர்க்கும் இயலாது.

இனிப் பத்திரம் எழுதிய நாளைக் கூறுவோம். பேசிய விலை 9 இலட்சம்; பத்திரத்தில் எழுதியது 3 இலட்சம். அந்நாளில் முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 8. எஞ்சிய 6 இலட்சத்தையும் எழுதினால் 48,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகும் என்று தரகர் கணக்குக் காட்டினார். சிற்றப்பனார் சிக்கனமானவர், இசைந்தார். மிகுதி 6 இலட்சம் ரொக்கமாகக் கைமாறிற்று. பத்திர எழுத்தர் பத்திரத்தை விரைவாகப் படித்தார். சிற்றப்பனார் தாமும் ஒருமுறை வாங்கிப் படித்தார். படித்து, இரண்டு இடங்களில் ஒற்றுமிகாத பிழையையும், 'கிணறு' என்பதனைக் 'கினறு' என்று எழுதியிருந்த பிழையையும் திருத்திக் கொடுத்தார். சொத்து விவரத்தின் இறுதியில், நான்கு எல்லைகளும் கதவு நிலைகளும் மின் இணைப்பும் கூறிய பின்னர், 'அடிமனை நீங்கலாக மேற்கட்டடம் மட்டும்' என்று நான்கு சொற்கள் இருந்தன. அவற்றில் எழுத்துப்பிழை இல்லை. ஆகவே அவர் கண் அவற்றைக் கடந்து சென்றது.

எம் பாடத்திற் கல்வெட்டியலும் ஒரு பகுதி. சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளைப் படிக்குந்தோறும் எமக்கு இப்பத்திரமே நினைவுக்கு வருகின்றது. அவற்றிற் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லையும் கூறியபின், 'உண்ணிலமொழிவின்றி' என்னும் ஒரு தொடர் தவறாது வரும். எல்லைக்கு உட்பட்ட நிலத்தில் எதனையும் ஒழித்துவையாது முழுதும் விற்கப்பட்டது என்பது அதன் பொருள். சிற்றப்பனாரின் பத்திரத்திலும் நான்கெல்லை உண்டு. உள்ளேயுள்ள நிலம்தான் ஒழிந்துபோயிற்று. மற்றொன்றும் அக்கல்வெட்டுகளிற் கருதத்தக்கது. விலையாவணம் என்று ஒன்றைக் கூறி, பொருட்செலவோலை என்றும் ஒன்றைக் கூறுவர். முன்னது விற்றமைக்குச் சான்று. பின்னது விலைப்பொருள் முழுதும் கைக்கொண்டமைக்குச் சான்று. கொடுத்த பொன் இவ்வளவு என்று எழுத்தில் நிற்றல் வேண்டும் என்பதனை ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த ஊர்ச்சபையார் அறிந்திருந்தனர். 2014-இல் இருந்த தரகர் வேண்டாமென்றார்.

ஐந்தாண்டு ஒரு குறையும் இல்லை. 2019-இல் மகளின் படிப்பிற்காக வீட்டின்பேரில் வங்கியிற் கடன் கேட்டார். வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, தரைக்கு உரிமையில்லாத வீட்டிற்குக் கடன் இல்லையென எழுதிவிட்டார். அன்றுதான் அந்நான்கு சொற்களையும் ஒருவர் சிற்றப்பனார்க்கு விரலால் தொட்டுக் காட்டினார். சரி, விற்றுவிடலாம் என எண்ணிப் பதிவு அலுவலகத்தில் உசாவினார். அறநிலையங்களுக்கு உரிய நிலத்தைக் குறித்த ஆவணங்களை உரிய அனுமதியின்றிப் பதியலாகாது என்னும் சட்டத்திருத்தம் 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கோயிலின் இசைவு இன்றிப் பதிவு நடவாது என்றனர். கோயில் அலுவலகத்திற்குச் சென்றார். அங்கே பேரேட்டில் விற்றவரின் பாட்டனார் பெயரே இன்னும் இருந்தது. பல்லாண்டாகத் தரைவாடகை செலுத்தப்படவில்லை. நிலுவை ஒன்றே முக்கால் இலட்சத்தைக் கடந்திருந்தது. அதனைத் தீர்த்தால் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்றனர்.

"விற்றவர்மேல் வழக்குத் தொடுத்தால் என்ன?" என்று எம் தந்தையார் கேட்டார். யாமும் அக்காலத்தில் அவ்வாறே எண்ணினோம். 1882-ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டப்படி, விற்பவர் தாம் மாற்றித் தருவதாகக் கூறும் உரிமை தமக்கு உண்டு என்பதற்குப் பொறுப்பாவார். ஆனால் எம் சிற்றப்பனார்க்கு அவர் மாற்றித் தருவதாக எழுதியது என்ன? அடிமனை நீங்கலாக மேற்கட்டடம் மட்டும். அதனை அவர் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். வாங்கியதாக எழுதிய விலை என்ன? 3 இலட்சம். அம்மேற்கட்டடத்திற்கு அது பொருந்தாத விலையும் அன்று. 6 இலட்சம் கைமாறியது என்பதற்கு ஒரு துண்டுத்தாளும் இல்லை. பத்திரம் உண்மையையே பேசிற்று. பணம் பொய் பேசிற்று. வழக்கறிஞர் இதனைக் கூறியபோது சிற்றப்பனார் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. 48,000 ரூபாயை மிச்சப்படுத்தி 6 இலட்சத்தைச் சான்றின்றி விட்ட கணக்கு, கணக்குப் பாடம் நடத்திய அவர்க்குப் பிறர் விளக்க வேண்டியதாயிருக்கவில்லை.

நெடுநாள் குடியிருந்தால் தரையும் குடியிருப்பவர்க்கே ஆகிவிடும் என்னும் நம்பிக்கை எங்கள் ஊர்ப்புறத்தில் வேரூன்றியது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், அது விரிக்கப்பட்ட ஊர்களில், பிறர் தரையிற் கட்டடம் கட்டியவர் அத்தரையைத் தமக்கே விற்குமாறு நீதிமன்றத்தில் கேட்க வழிசெய்தது. 1996-ஆம் ஆண்டின் திருத்தம் அறநிலையங்களின் நிலத்தை அச்சட்டத்தினின்று நீக்கிவிட்டது. அத்திருத்தம் செல்லும் என உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. கோயில் நிலத்தை மீட்கத் தொடுக்கும் வழக்கிற்குக் காலவரையறைச் சட்டம் தடையாகாது என்று 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கூறுகின்றது. அச்சட்டத்தின்படியே, கோயில் நிலத்தை விற்கவோ, ஈடு வைக்கவோ, 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அஃதின்றிச் செய்தது செல்லாது. ஆகவே நாலு தலைமுறை என்பது பெருமையாகப் பேசுதற்கு உதவுமேயன்றி உரிமையாக மாறாது.

இங்கு ஒன்றை நடுவுநிலையோடு கூறவேண்டும். கோயிலின்மேல் குறைகூற எமக்கு இடமில்லை. கொடுத்தவர் விளக்கெரிக்கவும் அன்னமிடவும் கொடுத்த தரை அது. அதன் வருவாயைக் கேட்பது முறையே. அடிமனையில் நிற்கும் வீட்டை வாங்கவே கூடாது என்பதும் எம் கருத்தன்று. சொந்தத் தரை வாங்க இயலாத எளியவர் எத்தனையோ பேர்க்கு அடிமனை வீடே ஊர் நடுவில் ஓரிடம் தந்திருக்கின்றது. பிழை அதனை வாங்கியதில் இல்லை. தரையோடு கூடிய வீட்டின் விலையை அதற்குக் கொடுத்ததில் இருக்கின்றது. அவ்வாறு வாங்க நேர்ந்தால், முதலிற் கோயில் அலுவலகத்தில் விற்பவர் பெயரில் குடியுரிமை உண்டா, நிலுவை எவ்வளவு, பெயர் மாற்ற இசைவார்களா என்று எழுத்தில் அறிந்துகொள்ள வேண்டும். நிலுவையை விலையிற் கழித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ச் செங்கல்லுக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் உரிய விலையை மட்டும் மதிப்பிட வேண்டும். தரைவாடகை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் அறுதியிடப்படும் என்று சட்டம் கூறுவதால், இன்றைய வாடகை என்றும் நிற்கும் எனக் கருதாது, கூடும் என்றே குடும்பக் கணக்கில் எழுத வேண்டும். வங்கிக் கடன் கிடைப்பதரிது. பின்னாளில் விற்பதும் எளிதன்று. இவ்வளவையும் கழித்தபின் எஞ்சும் விலைக்கு வீடு கிடைக்குமாயின் மகிழ்ச்சியோடு வாங்கலாம்.

அடிமனைக்கு அஞ்சிப் புதுமனை வாங்கச் செல்வோரையும் ஒரு பள்ளம் காத்திருக்கின்றது. இதனை உருவகமாகக் கூறவில்லை. எங்கள் நாட்டில் மனைப்பிரிவுகள் பெரும்பாலும் நேற்றுவரை நெல்விளைந்த நன்செய். வயல் சாலையினும் தாழ்ந்தது. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் தரையைப் பார்த்து விலைபேசியவர், ஐப்பசி மழையில் அங்கே முழங்கால் நீரில் நிற்பர். 1,200 சதுர அடி மனையை மூன்றடி உயர்த்த 3,600 கன அடி மண் வேண்டும்; 100 கன அடி ஒரு யூனிட் எனக் கொண்டால் 36 யூனிட். கொட்டிய மண் ஓரிரு மழைக்குப்பின் அமிழுமாதலின் மேலும் வேண்டும். வண்டல்களி ஈரத்தில் பருத்துக் காய்ச்சலிற் சுருங்குவது. அதனால் அடித்தளத்திற்கும் மிகுந்த செலவாகும். மனையின் விலை மலிவென்று மகிழ்பவர் இச்செலவுகளைச் சேர்த்துப் பார்த்ததில்லை. வாய்க்காலும் வடிகாலும் எங்கே செல்கின்றன என்பதனை மழைக்காலத்திற் சென்று கண்ணாற் காணுதல் நன்று. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதன்பின் 2017-இல் வரன்முறை விதிகள் வந்ததும் பலர் அறிந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைக்கே அவ்விதிகள் இடந்தந்தன. மனையை வரன்முறைப்படுத்திய ஆணையைக் காட்டுமாறு கேட்காமல் அச்சாரம் கொடுத்தல் ஆகாது.

அச்சாரம் என்றவுடன் நகை நினைவுக்கு வருகின்றது. எங்கள் ஊர்க் கோயிலில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தைத் தம் கழுத்திற் கயிற்றைப் பூட்டி நிமிர்த்தவர் குங்கிலியக்கலய நாயனார் என்பது பெரியபுராணச் செய்தி. அவரே, நெல் வாங்கிவர மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியைக் கொண்டு குங்கிலியம் வாங்கிவிட்டவர். அவர் வீட்டில் அன்றிரவே பொன்னும் நெல்லும் குவிந்தன. அந்நிகழ்ச்சி நம் வீடுகளிலும் நிகழும் என்று எதிர்பார்த்தே போலும், மனைவியின் நகையை அடகுவைத்து அச்சாரம் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் மிகுதி! நகைக்கு ஒரு வட்டி, வங்கிக் கடனுக்கு ஒரு வட்டி, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை என மூன்றும் ஒரே திங்களில் வந்து நிற்கும் என்பதனை முன்னரே எழுதிப் பார்ப்பவர் சிலரே.

வங்கிக் கடனைப் பற்றிச் சிறிது கூறுவோம். 10 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். முதல் திங்களில் அதில் 7,500 வட்டிக்கே சென்றுவிடும். கடனிற் குறைவது 1,497 மட்டுமே. ஐந்தாண்டு தவறாது செலுத்தியவர் 5,39,800 ரூபாய்க்கு மேற் கொடுத்திருப்பார். அப்பொழுதும் நிற்கும் கடன் ஏறத்தாழ 8,87,000. இருபதாண்டு முடிவிற் செலுத்திய மொத்தம் 21.59 இலட்சம். அதே கடனைப் பத்தாண்டில் தீர்ப்பதாயின் தவணை 12,668, மொத்தம் 15.20 இலட்சம். தவணை சிறியது என்று காட்டி நெடுங்காலக் கடனை விற்பவர்க்கு நம் கணக்கறிவின்மையே முதல். இயன்றபோதெல்லாம் முதலில் ஒருபகுதியை முன்னரே செலுத்துதலும், தொடக்க ஆண்டுகளிலேயே அதனைச் செய்தலும் பெரும்பயன் தரும்.

விலைக்குமேல் வருஞ்செலவையும் பலர் மறப்பர். இப்பொழுது முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என நூற்றுக்கு 9. அஃதாவது 10 இலட்சத்துக்கு 90,000. 2025 ஏப்ரல் முதல், 10 இலட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரிற் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும். இதனைச் சிக்கனத்திற்காகவாயினும் கணவன்மார் கருதுவாராக. குறைத்தெழுதிச் செய்யும் சிக்கனத்தை மட்டும் எம் சிற்றப்பனார் வீட்டுப் பிள்ளைகளாகிய யாம் எவர்க்கும் பரிந்துரைக்கமாட்டோம். வீடு, நிலம் பற்றிய பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் பெறுதல் 2015 சூன் முதல் வருமானவரிச் சட்டத்தால் தடுக்கப்பட்டும் இருக்கின்றது. பொது அதிகாரப்பத்திரத்தின் வழியாக நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என 2011-இல் உச்சநீதிமன்றம் கூறியதனையும், பதியாத ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுப்பவர் நினைவில் வைத்தல் வேண்டும்.

சிற்றப்பனார் அவ்வீட்டிலேயே இருக்கின்றார். நிலுவையைத் தவணையாகத் தீர்த்து, 2022-இல் கோயிற் பேரேட்டில் தம் பெயரை ஏற்றிக்கொண்டார். மகளின் படிப்பிற்குச் சிற்றன்னையாரின் வளையல்கள் சென்றன. திங்கள்தோறும் தரைவாடகை செலுத்தி, இரசீதைத் தகரப்பெட்டியில் பத்திரத்தின் மேலேயே வைக்கின்றார். வாடகை வீட்டினின்று நீங்க விரும்பி ஆயுட் பணம் முழுதும் கொடுத்தவர், மறுபடியும் வாடகைக் குடியாகவே இருப்பதனை எண்ணிச் சிலநாள் தாமே நகைப்பார்.

அவரிடம் படித்த பழைய மாணவர் சிலர், வீடோ மனையோ வாங்குமுன் பத்திர நகலை எடுத்துக்கொண்டு இப்பொழுது அத்திண்ணைக்கு வருகின்றனர். சென்ற தைத் திங்களில் யாம் அங்கிருந்தபோது ஒருவர் வந்தார். சிற்றப்பனார் முதற்பக்கத்தை விட்டு, நேரே கடைசியிலுள்ள சொத்து விவரத்தைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சொல் சொல்லாக விரலோட்டி, ஓரிடத்தில் நிறுத்திச் சிவப்பு மையாற் சுழித்து, "தம்பி, இதைப் போய்க் கேட்டுட்டு வா. அப்புறம் அச்சாரம் கொடு" என்றார். அந்நகலில் மூன்று ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றை அவர் திருத்தவில்லை.